ஐந்தும் மூன்றும் ஒன்று

ஒரு டிகிரி என்கிறது திரை.
கொட்பே மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் அறையில்
மூன்று நாளாய் அதே ஒன்று.
அறுக்குளாவின் கண்ணோ
குளியலறைக் கண்ணாடியாய்ப் புகைந்துபோயிருக்கிறது.
செவுளை விரித்துக் காட்டுகிறார் மனேச்சர் அருளம்பலம்:
"மிசின் சரி, தங்கச்சி. மீன்தான் பிழை."
மீன் இனிப் பிழைக்காது என்று
சொல்ல வந்து விழுங்கிக்கொண்டேன்.

கதவருகே ஒரு வெப்பமானி, கடைசிச் சுவரில் இன்னொன்று.
ஒரே பெட்டியில் வந்திறங்கியவை.
இரண்டையும் கோத்து இரண்டே கம்பி:
ஒன்று தாளம் தட்டும், மற்றது பேசும்.
இதையும் பஸ் என்றுதான் சொல்வோம்.
டிரைவர் ஏறாவிட்டால்
இதுவும் ஸ்டாண்டிலேயே கிடக்கும்.

பஸ்ஸைத் தட்டிப் பார்த்தேன்.
பட்டியல் முழுக்கக் கோடு, கோடு, கோடு,
நடுவில் ஒரேயொரு நாற்பத்தெட்டு.
டிரைவரை ஏற்றினேன்.
ஆள் இருக்கிறது, பிடித்துக்கொண்டேன் என்றது கேர்னல்.
பிழைச் செய்தி ஒன்றுமில்லை.
எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.

சோல்டரிங் அயனைச் சூடேற்றி வைத்துக்கொண்டு
"எதைச் சுட?" என்கிறாள் இர்பானா.
தெரியாது.
தடையியை மாற்றினோம். கம்பியை வெட்டிக் குறுக்கினோம்.
தாளத்தை நடை வேகத்துக்கு இறக்கினோம்.
கேர்னலை மூன்று தடவை கட்டினேன்,
ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பிளேன்டீ ஆறிப்போனது.
மரத்த விரல் ஓர் அரைப்புள்ளியை விட்டதற்கு
நாற்பது வரி ஏச்சு.
திரையில் மறுபடி ஒன்று.

வெயிலில் விரலைக் காய்ச்சலாம் என்று வாசலுக்குப் போனால்
காவல்காரன் கொப்பியை நீட்டுகிறான்.
காலையில் அவனே எழுதிக்கொண்டது:
என் பெயர், எதிரே பாலையூற்று.
கீழே இர்பானா, எதிரே
இரண்டு சின்னக் கீறல்.
"ஒரே ஆட்டோவிலதானே வந்தீங்க."

மேற்படி.

பேனையை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

தொழிற்சாலை இருவருக்கும்
ஒரே முகவரி கொடுத்து அனுப்பியிருக்கிறது.
கேர்னல் நாற்பத்தெட்டைக் கூப்பிட்டபோதெல்லாம்
கதவும் சுவரும் ஒருமிக்க ஓம் என்றிருக்கின்றன.
இந்தக் கம்பியில் எவராலும் குரலை உயர்த்த இயலாது.
தாழ்த்தலாம், அவ்வளவுதான்.
உயரத்தில் தாங்கி நிற்பது வாயில்லாத ஒரு தடையி.
ஒருவர் தாழ்த்தினால்
மற்றவர் சொன்ன உயரம் கேட்காமலே போகும்.

கதவடியில் ஐந்து: ஒன்று, பூச்சியம், ஒன்று.
சுவரடியில் மூன்று: பூச்சியம், ஒன்று, ஒன்று.
இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் கடைசி.
ஆகவே ஒன்று.
இரண்டு பேர் உண்மை பேசியே
ஐஸ் இருக்கிறது என்று நம்பவைத்தார்கள்.

சுவர்க்காரனைக் கழற்றி மேசையில் கிடத்தினோம்.
அவன் வயிற்றோரம் முகவரிக்கென்று ஒரு கால்.
அதைப் பிடுங்கி மின்பக்கம் சாய்த்து
ஒரு சொட்டு ஈயம் வைத்தாள், மூச்சை அடக்கி.
நாற்பத்தொன்பது.
நான் சாதன மரத்தில் இன்னொரு கிளை எழுதினேன்,
அரைப்புள்ளிகளை எண்ணி எண்ணி.
மறுபடி எழும்பியது இயந்திரம்.

ஐந்து.
மூன்று.

அருளம்பலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"காலையில ஒண்டு காட்டினது.
நீங்க வந்து ஐஞ்சாக்கிப் போட்டீங்க."
முணுமுணுத்தபடியே
ஐஸ் லொறிக்குப் போன் எடுத்தார்.

அறுக்குளாவைக் கருவாட்டுக்காரர் வந்து விலை கேட்டார்.

போகும்போது இர்பானா கொப்பியைக் கேட்டு வாங்கினாள்.
கீறல்கள் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு,
பெரியாற்றுமுனை, கிண்ணியா என்று எழுதினாள்.
கட்டத்துக்குள் இடம் போதவில்லை.
கடைசி இரண்டு எழுத்து
"வந்த நேரம்" பக்கத்துக்குள் ஏறி நின்றன.